வெற்றுத் துணி

கரித்துணியில் இரண்டு துண்டு நறுக்கினேன் புதனன்று.
ஒன்றில் கோபால்ட் ஏற்ற;
மற்றது சும்மா இருக்க.
சும்மா இருப்பதும் எங்கள் தொழிலில் ஒரு வேலை,
ஒப்பிட ஒன்று வேண்டுமல்லவா.

லூப்லியானாவில் ஒன்பது நாளாய் மூடுபனி.
கோட்டையைக் காணோம். ஆற்றைக் காணோம்.
எதிர்ச்சாரி புரெக் கடையின் சிவப்பு விளக்கு மட்டும்
எழுத்துகள் அழிந்து எரிந்தது.

அமிலத்தில் மூன்று முனைகள்.
மின்னழுத்தம் இறங்கி ஏறியது, இறங்கி ஏறியது,
இரண்டாயிரம் முறை.
அதற்குள் நான் இரண்டு முறை தூங்கி விழித்து
ஒரு முறை அம்மாவிடம் போனில் பொய் சொன்னேன்,
சாப்பிட்டாயிற்று என்று.

விடிகாலையில்
சும்மா இருக்கச் சொன்ன துணி
குமிழி விட்டுக்கொண்டிருந்தது.
கோபால்ட் ஏற்றியதற்குச் சற்றும் சளைக்காமல்
ஹைட்ரஜன்
நூல் நூலாய் மேலேறியது.

மத்யாஷ் எட்டிப் பார்த்தான்.
"குப்பியைக் கழுவினாயா, ஸார்யா?"
கழுவினேன். மூன்று தரம்.
"கையுறை?"
புதிது.
அவன் போனபின் நான்காம் தரம் கழுவினேன்.

வெள்ளியன்று விளாஸ்தா நுண்ணோக்கி அறையை இருட்டாக்கினாள்.
அங்கே மூச்சைக்கூட மெதுவாய்த்தான் விட வேண்டும்.
திரையில் சாம்பல் வெளி.
அதில் ஒரு வெள்ளைப் புள்ளி.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
இன்னும் தள்ளி.
ஒன்றோடொன்று ஒட்டாமல்
எல்லாம் ஒண்டிக்கட்டைகள்,
நைட்ரஜன் கைகொடுத்த இடத்தில்
அப்படியே குடியேறியவை.
"பிளாட்டினம்" என்றாள்.
"யார் போட்டது?"

யாரும் போடவில்லை.

எதிர்முனையில் நின்ற கம்பி,
மின்சாரத்தின் வட்டத்தை மூட மட்டுமே வைத்த கம்பி,
கரையாதென்று நம்பி
ஐந்து வருடமாய் நாங்கள் எடைபோடாத கம்பி,
இரவெல்லாம் அணு அணுவாய்க் கழன்று
அமிலத்தைக் கடந்து வந்திருக்கிறது.

தராசில் வைத்தேன்.
குறைந்தது
ஓர் ஈயின் சிறகளவுகூட இல்லை.

கோபால்டைப் புகழ்ந்த பதினோரு பக்கம் போயிற்று.
போகட்டும் என்று சொல்ல இன்னும் நா எழவில்லை.
போன வருடம் அச்சான கட்டுரை வேறு இருக்கிறது.
அப்போதும் இதே கம்பிதான்.
மத்யாஷும் அதை நினைத்திருப்பான்;
காபிக் கோப்பையைக் கழுவுவதில் மும்முரமாய் இருந்தான்.

இரவு இரண்டு குப்பிகள் வைத்தேன்.
கோபால்டுக்கு எதிரே கிராஃபைட் தண்டு.
வெற்றுத் துணிக்கு எதிரே அந்தக் கம்பி,
இம்முறை வேண்டுமென்றே.
குறிப்பேட்டில் "வெற்று" என்றிருந்ததை அடிக்கப் போய்
அடிக்காமல்
பக்கத்தில் நேரத்தை எழுதினேன்.
11.40.
சன்னலுக்கு வெளியே
சிவப்பு மட்டும் தெரிந்தது.