ஆறேகால்

புரதத்தை யாரும் நேராக அளப்பதில்லை.
நைட்ரஜனை அளந்து
ஆறேகாலால் பெருக்குகிறார்கள்.
நாகப்பட்டினத்து ஆய்வகத்தில் ஒரு பையன் சொன்னான்.
அதிலிருந்து எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும்
மனசுக்குள் வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

திருமுல்லைவாசலுக்கு மேற்கே, உப்பனாற்றங்கரையில்
நான்கு குட்டை எனக்கு.
இரண்டு கடனில், இரண்டு குத்தகையில்.
இன்றைக்கு ஐம்பத்திரண்டாம் நாள்,
வனாமி பதினோரு கிராம்.
கம்பெனித் தீவனம் மூட்டைக்கு நூறு ஏறிவிட்டது.
அதனால்தான் மோட்டார் கொட்டகையில்
இந்த மூன்று சாக்குகள்.

முதலாவது மீன்தூள், பழையாற்றுப் பக்கத்தது.
அறுபத்திரண்டு சதம் என்கிறது காகிதம்.
அள்ளினால் மணல் நறநறக்கிறது.
நாக்கு நுனியில் வைத்தேன், குளிர்ந்தது.
இந்தக் குளிர்ச்சி எனக்குத் தெரியும்,
கடைமடைக்குத் தண்ணீர் வந்த காலத்தில்
குறுவைக்கு வீசிய யூரியா.
அதிலும் நைட்ரஜன் இருக்கிறது.
ஆறேகாலுக்கு அது போதும்.

அடுத்த பிடியில் ஒரு மத்திக் குஞ்சின் தலை,
அரைபடாமல், கண்ணோடு.
என் மச்சான் அருளப்பன் படகில் வந்ததாகக்கூட இருக்கலாம்.
கிலோ பதினெட்டுக்கு ஆலைக்குப் போடுகிறான்.
வளர விட்டால் நூற்றைம்பது போகுமே என்றால்,
நான் விட்டால் பக்கத்துப் படகு விடுமா என்கிறான்.
நானும் அதைத்தான் சொல்வேன்,
என் குட்டைத் தண்ணீரை
ஆற்றில் திறந்துவிடும்போது யாராவது கேட்டால்.

இரண்டாவது சோயாப் புண்ணாக்கு.
கடலையே பார்க்காத ஊரிலிருந்து லாரியில் வந்தது.
நாணயமான சரக்கு, வாசனைதான் இல்லை.
மெத்தியோனின் குறையும் என்றார்கள்.
கணவாய்த் தூள் இரண்டு சதம் சேர்த்தால்
இறால் ஏமாந்து வாய் வைக்குமாம்.

மூன்றாவது புழு.
சீர்காழி மார்க்கெட்டில் உதிர்ந்த கோஸ் இலை,
மண்டபத்தில் மிஞ்சிய சாம்பார் சாதம்,
இதையெல்லாம் தின்று கொழுத்த கறுப்பு ஈயின் புழு,
உலர்த்தி இடித்தது.
ஜெயசுதா ஸ்கூட்டியில் காலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்தாள்.
“மூக்கைப் பொத்தாதீங்கக்கா, கருவாட்டுக்கு இது தேவலாம்.”
விலை கேட்டேன். முதலில் சிரித்தாள்.
மீன்தூளுக்கு மேல் முப்பது.

மூன்றையும் தனித்தனியே கோதுமை மாவில் பிசைந்து
முறுக்கு உழக்கில் பிழிந்து
வெயிலில் காயவைத்து நறுக்கினேன்.
என் மகள் அந்த உழக்கை
இனி சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாதென்றாள்.

அமாவாசை. மூன்றாம் குட்டையில் நான்கு தட்டுகள் இறக்கினோம்.
நான்காவது வெறும் தட்டு, ஒப்பிட்டுப் பார்க்க.
இரண்டு மணி நேரம்.
ஏரேட்டர் சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது.
டார்ச் அடித்தால் கரையோரம் முழுக்கச் சிவப்புக் கண்கள்.

மீன்தூளில் பாதி மிச்சம்.
ஒவ்வொன்றாக எடுத்து, முன்காலால் உருட்டி,
யோசித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன.
எந்த ஆய்வகத்திலும் படிக்காத கால்கள்.
சோயாத் தட்டில் கொஞ்சம் பொடி.
புழுத் தட்டு துடைத்த மாதிரி.

நான்காவதைத் தூக்கியபோது கனத்தது.
ஒன்றுமே வைக்காத தட்டில் பதினாலு இறால்.
நடுவில் அன்றைக்குத்தான் ஓடு கழற்றிய ஒன்று,
இன்னும் கெட்டிப்படாத கண்ணாடி உடம்பு,
வாலிலிருந்து பாதிவரை காணோம்.
மீதியை மற்றவை பிடித்துக்கொண்டிருந்தன.
விளக்கைப் பார்த்தும் விடவில்லை.

விடிந்ததும் நோட்டை விரித்தேன்.
சோயா முப்பத்தைந்து, புழு எட்டு,
மீன்தூள் பத்து, வேறு ஆளிடம்.
கூட்டினேன், விலை இடிக்கிறது.
புழுவை ஆறாக்கினேன்.
நான்காம் தட்டுக்கும் ஒரு பத்தி போட்டிருந்தேன்.
அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கையில்
அருளப்பன் போன் செய்தான்.
நாலு நாளாக மத்தி சுத்தமாக இல்லையாம்,
டீசலுக்கு ஐயாயிரம் இருக்குமா என்றான்.