ஒன்றரைத் தகடு குறைவு

லேத்து முதலில் வந்துவிட்டது.
ஓசூரில் மூடிய கம்பெனியின் ஏலத்தில் எடுத்தது.
காவேரிப்பட்டணம் தாண்டி எங்கள் ஒன்பது சென்ட்டில்
தார்ப்பாய் போர்த்தி மூன்று மாதம் நின்றது,
கொட்டகை போடாமல் வாங்கிவிட்ட எருமை போல.

சேலத்துக்காரர் விலை எழுதித் தந்தார்:
மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
நட்டு போல்ட்டு தனி என்று
கீழே பொடி எழுத்தில்.
அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான்
என் ஷெட்டை வரைந்தேன்.
இருபதுக்கு முப்பது. ஆறு கால். மூன்று ட்ரஸ்.
கையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்,
அதில் நாற்பது பவுனம்மாளின் குழுக் கடன்.

பர்கூர்ப் பக்கம் பிரித்துப் போட்ட கோழிப்பண்ணை.
கிலோ நாற்பத்தெட்டு என்றான்,
நாற்பத்தொன்றுக்கு இறங்கினான்.
ஆங்கிளில் இன்னும் இறகு ஒட்டியிருந்தது.
பழைய பைப்பைத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும்
தேங்காய் வாங்குவது போல.
தட்டித்தான் வாங்கினேன்.
இரண்டு ஏமாற்றிவிட்டது.

குழி எடுத்தால் ஒன்றரை அடியில் பாறை.
இந்த மாவட்டத்தில் யார் தோண்டினாலும்
பாறைதான் முதலில் வந்து
யாரப்பா என்று கேட்கும்.
நான்காவது குழியில் கடப்பாரையை வீசிவிட்டு உட்கார்ந்தேன்.
"இதுக்கு அடியில என்னத்துக்கு கான்கிரீட்டு,
பாறையிலயே போல்ட்டை எறக்கு" என்றாள் பவுனம்மாள்.
குவாரியில் துளை போடும் திம்மராயன் வந்தான்.
ஒரு ஞாயிறு, இரண்டு பிரியாணி, இருபது துளை.
ஐந்து கால் மலைமேல் நின்றது.
ஆறாவது குழியில் மட்டும்
மண், மண், இன்னும் மண்.
அங்கே மிச்சம் பிடித்த சிமெண்ட்டை எல்லாம்
இது ஒன்றே தின்றது.

மாங்கூழ் ஆலைகள் ஓடும் மாதம்.
பகலில் கரண்ட் மெலிந்து
ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும்.
இரவு பதினொன்றுக்கு மேல்தான் ஆர்க் சீராக நிற்கும்.
முகமூடி ஒன்றுதான்.
நான் பற்றவைத்தால் அவள் திரும்பிக்கொள்வாள்,
அவள் பற்றவைத்தால் நான்.
பதினோரு வருஷம் தையல் மிஷின் ஓட்டிய கை.
என் வெல்டிங் மெழுகு வழிந்தது போலிருக்க
அவளுடையது
ரவிக்கை ஓரம் அடித்தது போல் நேராகப் போனது.
மூன்றாவது ராத்திரி
முகமூடியை அவளிடமே விட்டுவிட்டேன்.

கடைசி ட்ரஸ்ஸை ஏற்றும்போது கயிறு நழுவியது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

தகடு ஏறிய அன்று பாதி ஸ்க்ரூதான் முடிந்தது.
மிச்சம் காலையில் என்று நான்தான் சொன்னேன்.
சாயங்காலம் ராயக்கோட்டைத் திசையிலிருந்து
காற்று எழுந்து வந்து
ஒரு தகட்டைக் கழற்றிக்கொண்டு
சென்னப்பன் தோப்புக்குள் போனது.
காய்த்த பெங்களூராக் கிளை ஒன்று துண்டாகி விழுந்தது.
கிளைக்குத் தகடு சரியாப்போச்சு என்று
அவர் அதை மாட்டுத் தொட்டிக்கு மூடியாக்கினார்.
நியாயம்தான்.

குறைந்த இன்னொரு அரைத் தகடு
என் கணக்கில் போனது.
ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுக்கும் இடத்தை
அந்தச் சேலத்துத் தாளின் பின்பக்கத்தில்
நான் எழுதவே இல்லை.

மண்டபத்துக்காரர் பழைய ஃப்ளெக்ஸ் ஒன்று சும்மா தந்தார்.
வெள்ளைப் பக்கம் வெயிலுக்கு.
அச்சுப் பக்கம் எங்களுக்கு:
காதணி விழா,
தாய்மாமன்கள் ஏழு பேர் கூலிங்கிளாஸோடு வரிசையாக,
நடுவில் மொட்டை போட்ட ஒரு குழந்தை.
பதினொரு மணிக்குச் சூரியன் அதற்கு நேர்மேலே வரும்போது
லேத்தின் மேல் ரோஸ் நிறம் விழுகிறது.
புஷ் கடைய வந்த டிராக்டர்க்காரர்
அண்ணாந்து பார்த்துவிட்டு
உங்க பேத்தியா என்றார்.

"ஒன்றரைத் தகடு" என்றாள் பவுனம்மாள்,
சக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆறாவது காலின் பேஸ் பிளேட்டுக்கு அடியில்
ஒரு ரூபாய் நாணயம் நுழைகிறது.
போன மாதம் நுழையவில்லை.
மழை விட்டதும் பார்க்க வேண்டும்.