முன்னூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

காலை எட்டு மணிக்கு மாநாடு.
அதற்குள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரை
நான் அச்சடித்து முடிக்க வேண்டும்:
பெயர், அதன் கீழே நாடு,
அதற்கும் கீழே பொடி எழுத்தில்
அந்த நாட்டவரை ஆங்கிலம் எப்படி அழைக்கிறதோ அது.

தமிழில் என்றால் பத்து மணி டிராமைப் பிடித்திருப்பேன்.
எந்த நாடானாலும் பின்னால் ஒரு 'காரர்' போதும்,
கானாக்காரர், பெருக்காரர், நோர்வேக்காரர்.
ஆங்கிலத்துக்கு அந்தச் சிக்கனம் தெரியாது.
ஒருவருக்கு 'இயன்', ஒருவருக்கு 'ஈஸ்',
ஒருவருக்கு 'இஷ்', ஓமான்காரருக்கு வெறும் 'ஈ'.
நெதர்லாந்தில் பிறந்தவர் டச்சு. ஏன் என்று கேட்கக் கூடாது.
நாங்கள் மட்டும் என்ன,
இரண்டு மாகாணத்தின் பெயரை முழு நாட்டுக்கும் போர்த்தி
ஒல்லாந்தர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே.
பிலிப்பைன்ஸ் நாட்டை ஓர் எழுத்தில் தொடங்க வேண்டும்,
அங்கிருந்து வருபவரை வேறோர் எழுத்தில்;
என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்,
மதாம் ரொஷாவின் சிவப்புப் பேனைக்கு அப்படியில்லை.

நள்ளிரவுக்கு மேல் இயந்திரம் சூடேறி
அறை முழுக்க உருகிய பிளாஸ்டிக் வாசம்.
ஏரியிலிருந்து பீஸ் காற்று வந்து
கண்ணாடிக் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது.
ஜெனீவாவில் அதற்கு மட்டும்தான்
யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

ஏழரைக்கு ஒருவர் வந்தார். ஹமிது செய்னி.
அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி,
நெடுநேரம் படித்தார்.
நாடு சரி, நைஜர்.
கீழேதான் தப்பு. அவரை நைஜீரியாக்காரர் ஆக்கியிருந்தேன்.

'ஏ' இருக்கும் இடத்தில் ஓர் 'ஈ' வேண்டும் அம்மணி, அவ்வளவுதான்.
இரண்டு நாட்டிலும் ஒரே ஆறு ஓடுகிறது,
அதனால் கோபப்பட மாட்டேன்.
லாகோஸ் எப்படி இருக்கிறது என்று
எல்லா ஊரிலும் கேட்கிறார்கள்.
நான் லாகோஸ் பார்த்ததேயில்லை.
முன்பெல்லாம் விளக்கம் சொல்வேன்,
இப்போது, நன்றாக இருக்கிறது, கொஞ்சம் நெரிசல் என்கிறேன்.

புது அட்டைக்கு நான்கு நிமிடம்.
அந்த நான்கு நிமிடத்துக்குள் அவர் கேட்டார்:
நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்களா?
பதினாறு வருடமாகச் சுவிஸில் இருக்கிறேன் என்றேன்,
என் ஆங்கிலத்தில்.

தலையை உயர்த்தாமலே மதாம் ரொஷா சொன்னார்:
அது ஆள். நாட்டின் பெயர் இன்னும் நீளம்.

தெரியும்.
இரவு முழுக்க அதைத்தானே அச்சடித்தேன், ஒன்பது தடவை.
ஆனால் வாய்க்கு வேறு பழக்கம்.
எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இது சுவிஸ்தான்:
கடைப் பலகையில், குரல் செய்தியில்,
மணமகன் சுவிஸ் என்னும் விளம்பரத்தில்.
நாட்டின் பெயரை விட்டுவிட்டு
ஆளின் பெயருக்குள் குடிவந்துவிட்டோம்.

அப்படியென்றால் பதினாறு வருடமாக
நான் ஒரு மனிதருக்குள் இருக்கிறேன்.
நேரம் தவறாதவர். அதிகம் கதைக்காதவர்.
ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால் முகம் சுளிப்பவர்.
குளிர்காலத்தில் உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கிறது,
அதை மறுக்க முடியாது.
வாடகையும் ஒழுங்காகக் கட்டுகிறேன்.
எனக்குள் இப்படி யாராவது
குடியிருக்கிறார்களா தெரியவில்லை.

ஹமிது செய்னி சூடு ஆறாத அட்டையை
கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்.
பழையதைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும், அது விதி.
கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்:
இதில் இருப்பவரும் ஹமிது செய்னிதான்,
ஓர் எழுத்தால் பிறந்தவர்,
லாகோஸில் நன்றாக இருப்பவர், கொஞ்சம் நெரிசலில்.

அதற்குள் மணிலாவிலிருந்து ஓர் அம்மா
மேசைமுன் வந்து நின்றார்.
முதலெழுத்தைப் பார்த்தேன்.
தப்பாக இருந்தது.