இரண்டு கிலோ

பூண்டுலோயா பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
இரும்புக்கடை, அதற்கு மேல்மாடி.
ஞாயிறு ஒன்பது மணிக்கு எங்கள் சபை.

ஜன்னலைத் திறந்துவிட்டால்
பனிமூட்டம் காசில்லாமல் வந்து உட்காரும்.
நாங்களோ கொழும்பில்
புகை இயந்திரம் வாங்கியிருக்கிறோம்,
தவணைக்கு.
இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டும்.

டிரம்ஸ், கிற்றார், ஊதா வெளிச்சம்,
சுவரில் வரிவரியாய் ஏறும் பாட்டு.
எல்லாச் சத்தமும் கடைசியில்
என் விரல்களுக்குக் கீழேதான் வருகிறது.
ஒலிப்பலகைக்காரன் நான்.

கீழ்ரோட்டுக் கற்கோயிலிலிருந்து
தேவசகாயம் சேர் ஒரு நாள் படியேறி வந்தார்.
மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.
"இந்த ஆராதனையைக் கர்த்தர் ஏற்பாரென்றா
நினைக்கிறீர்கள்?"
தாவீது ஆடவில்லையா ஐயா, என்றார்
எங்கள் பாஸ்டர் ஜெபநேசன்.
"தாவீது ஆடியது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால்.
நீங்கள் ஆடுவது ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் சேர்,
அந்தக் கற்கோயிலின் முன்வாங்கில்
துரைமார் பெயர் பித்தளையில் இன்னும் மின்னுகிறது.
உங்கள் பாட்டனும் என் பாட்டனும்
கதவோரம் வெறுங்காலோடு நின்றார்கள்.
ஆர்மோனியம் மெதுவாகத்தான் வாசித்ததாம்.
மெதுவாக வாசித்தால் பரிசுத்தமா?

இப்படியே பேசிக்கொண்டிருக்கலாம்,
அவர் ஒரு வசனம், நாங்கள் ஒரு வசனம்.
எனக்கும் அதுதான் வசதி.

ஏனென்றால்
திங்கள் முதல் சனி வரை
நான் நிற்பது வேறொரு பலகை.
மேற்கணக்கு, கொழுந்து மடுவம், தராசு.
சாக்குக்கு ஒரு கிலோ,
தண்ணீருக்கு ஒரு கிலோ கழிவு.
மழை பெய்தாலும் இரண்டு,
இலை முறுகுமளவு வெயில் அடித்தாலும் இரண்டு.
சட்டம் தோட்டத்தினுடையது.
எழுதுவது மட்டும் நான்.

போன வியாழன் நல்ல வெயில்.
பவளக்கொடி வந்தாள்,
ஞானஸ்நானத்துக்குப் பிறகு ரூத்து.
பதினெட்டு எடுத்தால்தான் முழுப்பேர்.
காலை, பகல் கணக்கோடு
அந்திக் கொழுந்தையும் சேர்த்தால் பத்தொன்பது.
கழித்தேன்.
பதினேழு. அரைப்பேர்.

அவள் முள்ளைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
சாக்கை உதறி மடித்துக்கொண்டு
லயத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.

ஞாயிறு அதே ரூத்து
மூன்றாம் வரிசையில், இரண்டு கையும் மேலே.
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத
கொழுந்துக் கறை விரல்களில்.
அழுதுகொண்டே பாடினாள்.
சுருதி சேரவில்லை;
பக்கத்து மைக் வழியாக
அந்தக் குரல் பாட்டுக்குள் கசிந்தது.

கேட்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று
அந்த மைக்கை
இரண்டு கோடு கீழே இழுத்தேன்.

பிறகுதான் என் விரலைப் பார்த்தேன்.

கள்ளத்தராசு பற்றி வேதத்தில் இருப்பது
எனக்குத் தெரியாததல்ல.
சுவரில் அதை ஓடவிட்டவனும் நான்தான்,
மஞ்சள் எழுத்தில்,
பின்னால் அருவிப் படம் வைத்து.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது
"தோத்திரம் அண்ணே" என்று கை நீட்டினாள்.
சொரசொரவென்ற கை.
தோத்திரம் என்றேன்.
அந்த ஒரு சொல்லை மேலே ஏற்றிவிட
என்னிடம் பொத்தான் இல்லை.

சேர், இன்னொரு தடவை வாருங்கள்.
டிரம்ஸை விட்டுவிடுங்கள், அது பொடியன்களின் பாடு.
அந்தக் கேள்வியை
மடுவத்துக்கு வந்து என்னிடம் கேளுங்கள்.

திங்கள், ஒன்பதரை நிறுவை.
தூறல்.
குளிரில் பேனா எழுத மறுக்கிறது;
உள்ளங்கைக்குள் வைத்து உருட்டுகிறேன்.
வரிசையில் நாலாவது ஆள் ரூத்து.
முதல் சாக்கு ஏறிவிட்டது.
முள் இன்னும் ஆடி அடங்கவில்லை.