கடலுக்குச் சொன்ன ஸ்கோர்

வர்ணா என்றதும் நிறம் என்று நினைத்தேன்.
ஊர், என்றான் பெலார்மின்.
பல்கேரியாவில், கருங்கடல் ஓரம். கடல் ஒன்றும் கறுப்பில்லையாம்.
சம்பளம் தராத கம்பெனியின் சரக்குக் கப்பலில்
ஏழு மாதம் அங்கே கட்டிக் கிடந்தபோது
கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர்
ஞாயிறுதோறும் ரொட்டியும் ஒரு டிக்கெட்டும் கொடுத்திருக்கிறார்.
அணியின் பெயர் ஃபார்.
கலங்கரை விளக்கு என்று அர்த்தம்.
'முட்டத்துல நிக்குதே, அதான்' என்றான்,
பாஸ்போர்ட்டும் ஒரு வெள்ளை ஜெர்சியும் மட்டும் கொண்டு
வீடு திரும்பிய அண்ணன்.

ஜூலை, தடைக்காலம்.
தேங்காய்ப்பட்டணத்தில் படகுகள் தோள் உரசி நிற்க
ஃபாருக்கு அந்த வருஷம் ஐரோப்பா வாய்த்தது.
பெரிய கோப்பை இல்லை, மூன்றாவது.
அதிலும் தகுதிச் சுற்று, வாசற்படி.
சின்னத்துறையில் ராத்திரி பதினொன்றரைக்கு
என் செல்போனை மீன்பெட்டிமேல் சாய்த்து
ஆறு பேர் பார்த்தார்கள்.
மால்டோவாக்காரர்களை இரண்டு ஆட்டமும் சேர்த்து மூன்று இரண்டு.
ராதோமிர் தலையால் முட்டியபோது எழுந்த சத்தத்துக்கு
அடுத்த வீட்டு மெற்றில்டா கதவைத் திறந்து வைதாள்.
அடுத்த சுற்று ஆகஸ்டில்.
ஆகஸ்டில் படகு போய்விடும்.

நாற்பது நாள் தங்கல். சுறாத் தூண்டில்.
நான் ஐஸ் பிளான்டில் கணக்கு எழுதுகிறவள்.
மேசையில் வயர்லெஸ்.
என் பேச்சு கரையோரப் படகுக்குப் போய்
அங்கிருந்து அடுத்ததுக்கு, அதற்கும் அடுத்ததுக்கு,
ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் உப்பேறி
அண்ணனிடம் சேரும்.
காற்று, நெய்மீன் விலை, அம்மாவின் சுகர்.
கடைசியில் அவன் கேட்பான்:
'ஃபார்?'

டென்மார்க்கில் ஐந்து பூஜ்யம்.
அன்று வானிலை அறிக்கையும் சரியில்லை.
ஒக்கிக்குப் பிறகு கடலிடம் கெட்ட செய்தி சொல்ல
எங்கள் கரையில் யாருக்கும் நா எழுவதில்லை.
'டிரா' என்றேன். 'பெனால்டியில போச்சு.'
தோற்கத்தான் வைத்தேன்.
தலை நிமிர்ந்து தோற்க வைத்தேன்.

பிறகு லீக்.
ஐஸ் கணக்கு நோட்டில் இடப்பக்கம் நடந்தது,
வலப்பக்கம் சொன்னது.
செப்டம்பரில் நாலு தோல்வி; இரண்டை டிரா ஆக்கினேன்.
அக்டோபரில் ஒரு கோலைச் சும்மா போட்டேன்.
இடப்பக்கம் பதினாறில் பதினாலாவது இடம்.
வலப்பக்கம் ஏழாவது, ஆறாவதைப் பார்த்துக்கொண்டு.
முழங்கால் கிழிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ராதோமிர்
என் பக்கத்தில் மட்டும்
மழையில் ஓடிக்கொண்டிருந்தான்.

நடுவில் கொச்சியில் மீன் இறக்கினார்கள்.
அங்கே சிக்னல் உண்டு. அவனிடம் போன் உண்டு.
கடலுக்குத் திரும்பி முதல் கேள்வி அதுவேதான்:
'ஃபார்?'

டிசம்பரில் அங்கே பனி, ஆட்டம் இல்லை.
கிறிஸ்துமஸுக்குப் படகுகள் வந்தன.
மூன்றாவது படகின் டிரைவர் கிளீட்டஸ்
ஐஸுக்குக் காசு எண்ணிக்கொண்டே கேட்டான்:
'ராதோமிருக்கு முட்டு ஆப்பரேஷன் ஆச்சாமே?'
என் பேனா நின்றது.
அவன் மீதியை வாங்கிக்கொண்டு,
'பிப்ரவரியில எறக்கீரு, பிள்ளே. அவன் இல்லாம ஆட்டம் சவம்' என்றான்.

எறக்கினேன்.
இப்போது பன்னிரண்டு படகு கேட்கிறது.
கப்பில் அரையிறுதி வரை கொண்டுபோனேன்.
நடுவரைத் திட்டச் சிலரை அனுமதித்தேன்.

மே கடைசி ஆட்டம்.
இடப்பக்கத்து ஃபார் தோற்றாலும் டிரா செய்தாலும் கீழே இறங்கும்.
எண்பத்தொன்பதாவது நிமிடம், கார்னர்,
கோல்கீப்பர் மைதானம் முழுக்க ஓடி வந்து
தலையால் முட்டினார்.
ஒன்று பூஜ்யம்.
சத்தியமாக.
மறுநாள் வயர்லெஸ்ஸைப் பிடித்த கை நடுங்கிற்று.

கரகரப்புக்குள் பன்னிரண்டு படகும் சிரித்தன.
'கோலியா? போ பிள்ளே!'
'இது கொஞ்சம் ஓவரு.'
'மாதாவாணை' என்றேன்.
இன்னும் சிரித்தார்கள்.
சிரிப்பெல்லாம் அடங்கி, நாலு படகு தாண்டி, பெலார்மின்:
'சரி. முழுசாச் சொல்லு.'

வெளியே லாரி ஹாரன் அடித்தது.
முப்பது பார் ஐஸ் ஏற்ற வேண்டும்.
நிற்கட்டும்.
கார்னர் கொடியிலிருந்து ஆரம்பித்தேன்.