அரைக் கதவுக்கான காற்று

சான்பாஷா பஞ்சர் கடையின் கம்ப்ரசர்
ஞாயிறு மட்டும் வாடகைக்கு வரும்,
அதுவும் நாலு மணி வரை.
நாலுக்கு மேல் மாங்காய் லாரிகள் வந்துவிடும்.
காற்றுக்காக நிற்கிற லாரிக்காரன் வாயை
நீ வந்து கேட்டுப் பார் என்றார்.

காவேரிப்பட்டணத்தில் ஜூன்.
மாங்கூழ் ஃபேக்டரிப் பக்கமிருந்து வருகிற காற்றில்
ஒரே வாசனை, ஆயிரம் ஈ.
ஈரமான பிரைமர் கூழ் இல்லை என்று
அவற்றுக்கு யார் சொல்வது.

தக்காளித் தோட்டத்து மல்ச்சிங் ஷீட்டை
முருங்கைக்கும் மாடிப்படிக்கும் இழுத்துக் கட்டினோம்.
புழுதி அடங்க நாலு குடம் தண்ணீர் தெளித்தேன்.
மாதேஷ் கண்ணாடிகளுக்கு நாளிதழ் ஒட்டினான்.
பின்கண்ணாடி முழுக்க
மணமகள் தேவை, மனை விற்பனைக்கு.

பழைய பிரீமியர் 118.
பர்கூரில் இரும்பு விலைக்கு எடுத்தது.
மூன்று மாதம் சுரண்டினோம்.
வெள்ளைக்கு அடியில் மெரூன்,
மெரூனுக்கு அடியில் கை அகலத்துக்குப் பட்டி,
பட்டிக்கு அடியில்
யாரோ எதிலோ மோதிய ஒரு நாள்.

வாரத்தில் ஆறு நாள்
ஓசூரில் பெயிண்ட் ஷாப்பில் நிற்கிறேன்.
அடிப்பது இயந்திரக் கை.
பார்ப்பது மட்டும் என் வேலை.
டியூப்லைட் சுரங்கத்துக்குள் நகர்ந்து வரும்
ஒவ்வொரு பைக் டேங்கிலும்
கடுகளவு தூசு, நூலளவு வழிசல்,
ஆரஞ்சுத் தோல் என்று நாங்கள் சொல்கிற சொரசொரப்பு.
கண்டால் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
எட்டு வருடம்.
அம்பு ஒட்டிய கை ஒரு தடவைகூட
கன்னைப் பிடித்ததில்லை.

இன்றைக்குப் பிடித்தது.
பிரைமரை டீ வடிகட்டியில் ஊற்றினேன்.
இனி அது சமையலறைக்குத் திரும்பாது.
முதல் வீச்சு அட்டைப் பெட்டிக்கு.
அப்புறம் கதவுக்கு. ஒரு சாண் தள்ளி,
மணிக்கட்டை மடக்காமல்,
இஸ்திரிப் பெட்டி போகிற மாதிரி,
ஆனால் தொடாமல்.

அரைக் கதவு முடிவதற்குள் கன் இருமியது.
முள் இறங்கிவிட்டது.
இந்தச் சின்ன டேங்குக்கு அவ்வளவுதான் மூச்சு.
மறுபடி ஏறும்வரை
கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்,
முகமூடிக்குள் என் சுவாசத்தை
நானே கேட்டுக்கொண்டு.

நாலு கதவு, எட்டுக் காத்திருப்பு.
ஐந்தாவதில் சுவருக்கு மேல் முனிலட்சுமி தலை:
“எம் புள்ளையோட யூனிஃபார்ம் வெள்ளைக்கா.
நாளைக்கு எந்த ஸ்கூலுக்கு அனுப்பட்டும்?”
ஆறாவதில் கரண்ட் போனது.
வந்தபோது கதவின் பாதி காய்ந்திருந்தது.

மூன்றே முக்கால்.
ஷீட்டை விலக்கியதும்
மேற்கு வெயில் சாய்ந்து வந்து
காரின் மேல் படுத்தது.
பளபளப்பு இல்லாத சாம்பலுக்குப்
பொய் சொல்ல வரவில்லை.
என் கண் வேலைக்குப் போய்விட்டது.
சட்டைப் பையில் வெள்ளிக்கிழமை ஷிஃப்டின் மிச்ச அம்புகள்.
முன்கதவில் இரண்டு ஈ, கால்களோடு.
பானெட்டில் ஒரு முருங்கைப் பூ.
ஒட்டிக்கொண்டே போனேன். பதினேழு.
அம்மை போட்ட மாதிரி நின்றது கார்.

“பாஸா, ரிஜெக்டா மேடம்?”
கம்ப்ரசரை டெம்போவில் ஏற்றிக்கொண்டே கேட்டான்.
அங்கே மூன்று அம்புக்கே டேங்க் திரும்பிப் போகும்.
எதனால் என்று யாரும் கேட்பதில்லை.
இங்கே ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.
இந்த வழிசல், முனிலட்சுமிக்குப் பதில் சொல்லத் திரும்பியது.
இந்த விளிம்பு, மின்வாரியம்.
இந்தச் சொரசொரப்பு, முதல் கதவு என்கிற பயம்.
அடுத்த ஞாயிறு எமரித் தாள்.
இப்போதைக்குப் பதில் சொல்லவில்லை.

ராத்திரி,
முனிலட்சுமி வீட்டுச் சட்டை இரண்டும்
என் வாசலில் தின்னரோடு கிடந்தன.
ஒன்று வெளுத்துவிட்டது.
இன்னொன்றைப் பிழியாமல்
விளக்கடியில் தூக்கிப் பிடித்தேன்.
தோளிலிருந்து பாக்கெட் வரை
நான் அடித்ததிலேயே சீரான பூச்சு.
வழிசல் இல்லை, ஈ இல்லை,
அம்பு ஒட்ட
இடமே இல்லை.