எஞ்சின் மூடியின் உட்புறத்தில், பென்சிலால்

இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால்
மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு
இடுப்பை மடித்து உள்ளே தொங்குகிறீர்கள்.
தலை பத்திரம்.
இடதுபக்கச் சட்டத்தில் ஒரு விளிம்பு உண்டு,
என் நெற்றியில் அதன் கையெழுத்து உண்டு.

நான் குன்வோர். ஓருஸ்ட் தீவு.
பகலில் பல் டாக்டரிடம் உதவியாள்.
அறுபத்தாறாம் வருடத்துப் படகை
ஏலத்தில் எடுத்தபோது
பெயரில் மூன்று எழுத்துதான் மிச்சம்.

எஞ்சினையும் டிரைவையும் சேர்க்கும் உறையில்
பன்னிரண்டு போல்ட்.
உறை அலுமினியம்,
போல்ட் எவர்சில்வர்,
நடுவில் கடல் உப்பு.
இந்த மூவரையும் ஒரே வீட்டில் பூட்டிவிட்டு
யாரோ முப்பது குளிர்காலம் போய்விட்டார்.
கதவிடுக்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

எண்ணெய் விட்டேன். தூங்கினேன். விட்டேன். தூங்கினேன்.
சுத்தியலால் தலையில் லேசாகத் தட்டினேன்,
எழுப்புவதற்கு, அடிப்பதற்கல்ல.
பெட்ரோல் வாடை முழுக்கப் போன பிறகே
சுடுகாற்று, அதுவும் உறைக்குத்தான்:
அலுமினியம் முதலில் மூச்சு விரிக்கும்,
எவர்சில்வர் வீம்பு பிடிக்கும்,
அந்த இடைவெளியில் பேசிப் பார்க்கலாம்.
முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை,
பிறகு கழற்றுகிற பக்கம் கால் சுற்று.
திரும்ப உள்ளே. திரும்ப வெளியே.

பக்கத்துக் கொட்டகை சிக்ஸ்டென்
பல் பார்க்கும் கண்ணாடியோடு நான்
ஒரே போல்ட்டோடு மூன்று மாலை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து
மரை கழன்ற கேஸ் என்று சிரித்தார்.
மரை கழன்றால் நான் ஏன் இங்கே இருக்கிறேன், சொல்லுங்கள்.

ஏழாவதில் பொறுமை தீர்ந்தது.
அவர் நீட்டிய இரும்புக் குழாயை ஸ்பேனரில் மாட்டித்
தொங்கினேன்.
பட்.
சின்னச் சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்,
கடைவாய்ப்பல்லின் வேர் உள்ளேயே நின்றுவிடும் சத்தம்.
சிக்ஸ்டென் காபி போடப் போனார்.
துளை போட்டேன், நடுவில் என்று நினைத்துக்கொண்டு.
நடுவில் இல்லை.
பழைய மரை போய்விட்டது. உள்ளே இப்போது கம்பிச்சுருள் மரை.
ஏழாம் எண்ணிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாவது
விரலுக்கே வந்தது.

நம்பாமல் திரும்ப உள்ளே விட்டேன், திரும்பவும் வந்தது.
மரை முழுக்கச் சாம்பல்நிறப் பசை,
நேற்றுத் தடவியதுபோல மெத்தென்று.
ஒன்றில் மட்டும்.
டப்பா அதோடு தீர்ந்ததா?
சாப்பிடக் கூப்பிட்டார்களா?
வேறு யாராவது அந்த ஒன்றைப் போட்டார்களா,
இவருக்குத் தெரியாமல்?
கொட்டகை வாசலில் நின்று
பனி நீராகச் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த ஒரு ஆளிடம் மட்டும்
எனக்குக் கோபம் இல்லை.

பன்னிரண்டு துளையிலும் டேப் விட்டு,
எண்ணெயோடு, அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்வாங்கி,
பொடியை வெளியே கொண்டுவந்தேன்.
மிச்சத்தைப் பல்குத்தும் ஊசியால் துருவினேன்
(டாக்டருக்குத் தெரியாது).
தடவியிருப்பது ஆட்டுரோமக் கொழுப்பு,
கை இரண்டு நாள் மந்தை வாசம் அடித்தது.
செம்புப் பசை வேண்டாம்,
அது அந்த வீட்டுக்குள் நாலாவது ஆளை விடுவது.

மாட்டும்போது முதலில் பின்னோக்கிச் சுற்றுங்கள்.
மரை மரைக்குள் இறங்கும் ஒரு 'டிக்',
காதுக்கு வராது, விரலுக்கு வரும்.
அதன்பிறகே முன்னோக்கி.
விரல் போகும் மட்டும் விரல்.
கொழுப்பு தடவிய போல்ட்டுக்குப்
புத்தகம் சொல்லும் முறுக்கு அதிகம்; குறையுங்கள்.

ஒன்பதாம் துளையில் பழைய பசையைத் துடைக்கவில்லை.
காரணம் கேட்காதீர்கள்.

எல்லாம் கையோடு வர வேண்டும்.
வராவிட்டால் என்னைத் திட்டுங்கள்,
குழாயை மட்டும் எடுக்காதீர்கள்.

பென்சில் முனை மழுங்கிவிட்டது.
எல்லாம் மாட்டி முடித்த பின்
தட்டில் பதின்மூன்றாவதாக ஒரு போல்ட் மிஞ்சியிருக்கிறது.
எங்கே இருந்தது என்று எனக்கும் தெரியவில்லை.
அதற்கும் தடவித்தான் வைத்திருக்கிறேன்.